கண்டக்டர் இன்னும் கூப்பிடுகிறார், இடம்தான் இல்லை: சென்னையின் காணாமல் போன ஸ்டாப்புகள்

டவுன் பஸ் பிரியன்:

போன வாரம் மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு பையன், ஊருக்குப் புதிது என்று பார்த்தாலே தெரிகிறது, செல்போனில் மேப்பைத் திறந்து மடியில் வைத்திருந்தான். ஜெமினி தாண்டியதும் கண்டக்டர் "சபையர் எல்லாம் எறங்கு, சபையர்" என்று குரல் கொடுத்தார். பையன் மேப்பைப் பார்க்கிறான், ஜன்னலைப் பார்க்கிறான், மறுபடி மேப்பைப் பார்க்கிறான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "சார், சபையர்னா என்ன, நகைக்கடையா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் யோசித்தால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. அங்கே தியேட்டர் இருந்த அடையாளமே கிடையாது. அது மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கண்டக்டருக்கே நாற்பது வயதுதான் இருக்கும், அவர் அங்கே படம் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. யாரோ ஒரு பழைய கண்டக்டர் கூப்பிட்டதைக் கேட்டு இவர் கூப்பிடுகிறார், அவ்வளவுதான்.

ஜெமினியும் அதே கதைதான். வாசன் நடத்திய ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது. 1973-இல் கட்டிய மேம்பாலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். யாராவது ஆட்டோக்காரரிடம் "அண்ணா மேம்பாலம் போங்க" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இப்படி இடம் போய்ப் பேர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் சென்னை இடங்களை இங்கே எழுதுங்கள். முடிந்தால் அங்கே நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து. வெறும் பட்டியல் வேண்டாம், பட்டியல் எங்கேயும் கிடைக்கும்.

ராயப்பேட்டை பழசு:

சபையரைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று இருபது வருஷமாகக் காத்திருக்கிறேன் :)

1964-இல் திறந்தது. ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்: சபையர், எமரால்டு, புளூ டைமண்ட். மால், மல்டிபிளெக்ஸ் என்ற வார்த்தையெல்லாம் இந்த ஊருக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால். சபையர் பெரியது, 70 எம்.எம். திரை. ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு உயிர் புளூ டைமண்ட்தான். அங்கே தொடர் காட்சி. காலையில் ஆரம்பித்தால் ஒரே படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு டிக்கெட் வாங்கினால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

வெயில் காலத்தில் அதைவிடச் சல்லிசான ஏ.சி. இந்த ஊரில் கிடையாது. மெடிக்கல் ரெப்புகள் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஜோடியாக வந்து கடைசி வரிசையில் உட்காருவார்கள். நான் பி.யு.சி. படிக்கும்போது ஒருநாள் பாதிப் படத்தில் உள்ளே போய், முடிவை முதலில் பார்த்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்த்து, எங்கே உள்ளே நுழைந்தேனோ அந்தக் காட்சி வந்ததும் எழுந்து வந்தேன். கொலைகாரன் யார் என்று முதலிலேயே தெரிந்த துப்பறியும் படத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும், ரொம்ப நிம்மதியாக இருக்கும்.

2001 மாடல்:

அண்ணன்மார்களே, நான் பிறந்ததே 2001. ஜெமினி என்றால் சர்க்கஸ் கம்பெனி கூடாரம் போட்ட இடம் என்று போன வருஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் குதிரையைப் பிடித்தபடி ஒரு ஆள் சிலை வேறு இருக்கிறது, அதனால் சந்தேகமே வரவில்லை.

ராயப்பேட்டை பழசு:

தம்பி, அந்தக் குதிரை சர்க்கஸ் குதிரை இல்லை, ரேஸ் குதிரை. 1974-இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழித்ததற்காக வைத்த சிலை அது. பிற்பாடு வழக்கு நடந்து கிண்டியில் ரேஸ் திரும்ப ஓடியது, சிலை மட்டும் குதிரையை இழுத்துப் பிடித்தபடியே நின்றது.

புத்தகப் பூச்சி:

மூர் மார்க்கெட் இல்லாமல் இந்த இழை எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்கவில்லை.

சென்ட்ரலில் புறநகர் ரயில் பிடிக்கிறீர்களே, அந்த இடம்தான். சிவப்புக் கட்டடம், சதுரமாக, நடுவில் முற்றம், சுற்றிலும் கடைகள். 1898-இல் அடிக்கல் போட்டு 1900-இல் திறந்தார்கள். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயர். உள்ளே கிளி, முயல், நாய்க்குட்டி, தங்கமீன், கிராமபோன் தட்டு, பழைய நாணயம், பூட்டு, பொம்மை, கோட்டு, மிலிட்டரி பூட்ஸ். வீட்டில் ஏதாவது பொருள் காணாமல் போனால் "மூர் மார்க்கெட்டில் போய்ப் பார், அங்கே வந்திருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேடிக்கைக்குச் சொன்னதுதான், முழுக்க வேடிக்கையும் இல்லை.

எனக்கு அது பழைய புத்தகம். கடைக்காரர்களில் பலருக்கு ஆங்கிலம் சரளமாகப் படிக்க வராது. ஆனால் எந்தப் புத்தகத்துக்கு எவன் அலைகிறான் என்று அட்டையைப் பார்த்தே சொல்வார்கள். நாம் ஒரு புத்தகத்தைத் தேடி வந்து, அது கண்ணில் பட்டதும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், பக்கத்திலிருக்கும் வேறு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, அதற்கு விலை கேட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டு, போகிற போக்கில் "இது எவ்வளவு?" என்று நமக்கு வேண்டியதைக் காட்ட வேண்டும். இந்த நாடகத்தை நான் மூன்று வருஷம் ஒரே கடையில் நடத்தினேன். கடைசியில் ஒருநாள் அவர், "தம்பி, முதல்ல எடுக்கிறது உனக்கு வேணாம், மூணாவதா எடுக்கிறதுதான் வேணும், அதுக்கு இருபது ரூபா, எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றார். அன்றைக்கு இருபது ரூபாய் பெரிய காசு. கொடுத்தேன்.

1983-இல் எரிந்தது. அப்போது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது சுவர்கள் நின்றன, கூரை இல்லை.

தேதிப் பைத்தியம்:

சிறு திருத்தம். மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. நீங்கள் சொல்லும் 1983 ஸ்பென்சர் தீ விபத்து. 1890-களில் கட்டிய மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கட்டடம் அப்போதுதான் போனது. இரண்டும் சிவப்பு, இரண்டும் இந்தோ சாரசனிக், இரண்டும் தீ. அதனால் நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

மூர் மார்க்கெட் இருந்த இடத்தை ரயில்வேக்குக் கொடுப்பது பற்றி ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதனால் தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகம் வியாபாரிகளிடம் அன்றிலிருந்தே இருந்தது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

இந்த இழைக்குப் பொருத்தமான விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. புறநகர் ரயில் நிலையத்துக்கு ரயில்வே கணக்கில் பெயரே மூர் மார்க்கெட் வளாகம்தான். ஆவடியிலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ வருகிற வண்டியைச் செயலியில் தேடிப் பாருங்கள், போய்ச் சேரும் இடம் மூர் மார்க்கெட் என்று காட்டும். தினமும் லட்சக்கணக்கான பேர் மூர் மார்க்கெட்டுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது.

புத்தகப் பூச்சி:

1985-தான், சரி. வயதாகிவிட்டது. ஸ்பென்சரையும் இதையும் ஒரே நெருப்பில் போட்டுவிட்டேன்.

மில்லு சங்கு:

எல்லாரும் மன்னிக்கவும், கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன். பழைய மெட்ராஸ் என்று எங்கே பேச்சு ஆரம்பித்தாலும் மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்து மவுண்ட் ரோட்டிலேயே முடிகிறது. சென்ட்ரலுக்கு வடக்கே ஊர் இல்லையா? நாங்கள் எல்லாம் சுண்ணாம்புக் கால்வாயில் முளைத்தவர்களா?

நான் பெரம்பூர்ப் பக்கம். எங்கள் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவு. பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில் என்பது பலகையில் இருக்கும் பெயர், வாயில் வருவது பி அண்ட் சி, இல்லாவிட்டால் பின்னி மில்லு. பக்கிங்காம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, இரண்டையும் சேர்த்தது 1920. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் ஆரம்பித்த மெட்ராஸ் லேபர் யூனியன், அது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் எழுந்தது. போலீஸ்காரர் போட்டிருந்த காக்கி, பள்ளிக்கூட யூனிபார்ம் காக்கி, எல்லாம் பின்னி காக்கிதான். எங்கள் வீட்டில் ஒரு காக்கித் துண்டு இருந்தது, கைப்பிடித் துணியாக அடுப்பங்கரையில் பதினைந்து வருஷம் உழைத்தது, கிழியவே இல்லை, கடைசியில் தொலைந்துதான் போனது.

எங்கள் தெருவில் கடிகாரம் வைத்திருந்தவர்கள் குறைவு. மில்லு சங்குதான் கடிகாரம். முதல் சங்குக்குத் தாத்தா எழுந்திருப்பார். இரண்டாவது சங்கு ஊதும்போது பாட்டி தூக்குப் பாத்திரத்தை மூடிக் கையில் கொடுத்துக்கொண்டிருப்பாள். அதற்கடுத்த சங்கு ஊதுவதற்குள் அவர் கேட்டுக்குள் இருக்க வேண்டும். ஷிப்டு விடும் நேரத்தில் சைக்கிள் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வரும், மணிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். எங்கள் அம்மா பள்ளிக்குப் போனது, குழந்தைக்குப் பால் கொடுத்தது, சோறு வடித்தது எல்லாம் சங்குக் கணக்கு. "ரெண்டாவது சங்கு ஊதியாச்சு, இன்னும் குளிக்கலயா" என்று என்னைத் திட்டுவாள். அதெல்லாம் 1996-இல் நின்றது. நின்று பத்து வருஷம் கழித்துக்கூட பாட்டி விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "சங்கு ஊதலையே, இன்னிக்கு லீவா?" என்று கேட்பாள்.

அப்புறம் காலி மில்லில் சினிமா ஷூட்டிங் நடந்தது. வில்லனின் கோட்டை, கடத்தல் குடோன், கிளைமாக்ஸ் சண்டை என்று தமிழ் சினிமாவில் நீங்கள் பார்த்ததில் பாதி எங்கள் தாத்தா வேலை செய்த இடம். டி.வி.யில் வரும்போது பாட்டி கதையைப் பார்க்க மாட்டாள், பின்னாலிருக்கும் தூணைப் பார்ப்பாள்.

அப்புறம் தியேட்டர்கள். அயனாவரம் சயானி. தண்டையார்பேட்டை அகஸ்தியா. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட். இதில் எதைப் பற்றி உங்கள் மவுண்ட் ரோட்டுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள்?

டவுன் பஸ் பிரியன்:

திட்டு நியாயமானது, வாங்கிக்கொள்கிறேன். இழையை ஆரம்பித்தவன் மவுண்ட் ரோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், அது என் தப்பு. நீங்கள் எழுதியதற்காகவே இந்த இழை ஆரம்பித்தது நல்லது என்று தோன்றுகிறது.

டோல்கேட் சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. சுங்கம் வசூலித்த கேட் போய் எத்தனையோ காலம் ஆகிறது. மெட்ரோ ரயில் வந்தபோது அதைத் தமிழில் பெயர்த்து சுங்கச்சாவடி என்று ஸ்டேஷனுக்கே வைத்துவிட்டார்கள். இல்லாத கேட்டுக்கு மொழிபெயர்ப்பு!

சாவடித் தக்காளி:

வடக்கே என்றால் நானும் வருகிறேன். கொத்தவால் சாவடி. 1996-இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போகும்வரை மெட்ராஸ் சாப்பிட்ட காய் எல்லாம் இந்தச் சந்து வழியாகத்தான் வந்தது. ராத்திரி லாரி வரும், சந்துக்குள் நுழையாது, மூட்டையைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். சுமை தூக்குபவர் "வழி வழி வழி" என்று கத்திக்கொண்டே ஓடி வருவார், நிற்க மாட்டார், நாம்தான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். காலுக்கடியில் முட்டைக்கோஸ் இலை அழுகி வழுக்கும். எங்கள் அப்பா அதில் விழுந்து கையை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

யாராவது அந்த வாசனையை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கல்யாணத்துக்குக் காய் வாங்க இன்றைக்கும் எங்கள் அத்தை "சாவடிக்குப் போகணும்" என்றுதான் சொல்கிறாள். போவது கோயம்பேட்டுக்கு.

ஊர் சுற்றி:

எல்.ஐ.சி. பில்டிங்கை விட்டுவிட்டீர்களே! 14 மாடி! கிராமத்திலிருந்து வந்தவன் அண்ணாந்து பார்த்து மாடி எண்ண, ஒருத்தன் வந்து "எத்தனை மாடி எண்ணினே, மாடிக்கு ஒரு ரூபாய் எடு" என்று கேட்க, இவன் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு "நான் பதினாலும் எண்ணிட்டேன், அவனை ஏமாத்திட்டேன்" என்று ஊரில் போய்ச் சொன்ன கதை!

தேதிப் பைத்தியம்:

நல்ல கதை. ஆனால் எல்.ஐ.சி. 1959-இல் கட்டியது, இன்னும் அங்கேயே நிற்கிறது. தலைப்பைப் படித்துவிட்டு எழுதவும்.

ரீல் பெட்டி:

அகஸ்தியா பெயரைப் பார்த்ததும் எழுத வந்தேன். நான் அங்கே வேலை பார்க்கவில்லை. ஆனால் வடசென்னையில் வேறொரு தியேட்டரில், பெயர் வேண்டாம், என் மாமா ஆபரேட்டர். பள்ளி விடுமுறையில் கேபினில்தான் இருப்பேன்.

கேபின் என்றால் அடுப்பு. இரண்டு புரொஜெக்டர், இரண்டிலும் கார்பன் குச்சி எரியும். வெல்டிங் வெளிச்சம் மாதிரிதான், நேராகப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்கலாம். குச்சி எரிய எரிய இடைவெளி அதிகமாகும், திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் திரை மஞ்சளாகிவிடும், கீழே விசில் பறக்கும். ஒரு ரீல் இருபது நிமிடம் வரும். முடியப் போகிறது என்றால் திரையின் வலது மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும். இன்றுவரை பழைய படம் டி.வி.யில் ஓடினால் நான் கதாநாயகியைப் பார்ப்பதில்லை, வலது மூலையைப் பார்க்கிறேன். (மில்லு சங்கு, உங்கள் பாட்டி தூணைப் பார்ப்பது எனக்குப் புரிகிறது.)

சில படங்களுக்கு இரண்டு தியேட்டருக்குச் சேர்த்து ஒரே பிரிண்ட் வரும். அங்கே முதல் ரீல் முடிந்ததும் சைக்கிளில் பெட்டியை வைத்து இங்கே கொண்டுவர வேண்டும். வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் தீர்ந்தது. இன்டர்வெல்லை நீட்டுவார்கள், ஸ்லைடு போடுவார்கள், ஜனம் சோடா குடித்துக் குடித்து வயிறு வீங்கிப் போகும்.

அகஸ்தியா 1967-இல் திறந்தது, 70 எம்.எம்., ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். 2020-இல் கொரோனா காலத்தில் மூடியவர்கள் திறக்கவே இல்லை. பஸ் நின்று போகிறது, கண்டக்டர் "அகஸ்தியா" என்கிறார், எனக்கு எப்போதும் ஒரு நொடி மணி அடிக்கப் போவது போல இருக்கும்.

2001 மாடல்:

சயானியும் தியேட்டரா?! நான் அயனாவரத்தில் கோச்சிங் போனேன். ஒரு வருஷம் சயானி ஸ்டாப்பில் இறங்கினேன். யாரோ ஒரு டாக்டர் பெயர் என்று நினைத்தேன்.

மில்லு சங்கு:

டாக்டர் சயானி :D எங்கள் ஏரியா ஆட்களுக்கு இதைச் சொல்லியே தீருவேன்.

மாம்பலம் கொசு:

எல்லாரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏரி காணாமல் போனதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே.

நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி, நீளமாக இருந்ததால் ஆங்கிலேயர் வைத்த பெயர் லாங் டேங்க். 1920-களில் ஒரு பகுதியை வற்ற வைத்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். மிச்சமிருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வள்ளுவர் கோட்டம் 1976-இல் திறந்தது, அதுவும் ஏரி நிலத்தில்தான். இப்போது என்ன மிச்சம்? நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. டேங்க் பண்டு ரோடு.

நான் லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் பிறந்து வளர்ந்தவன். சின்ன வயதில் அப்பாவிடம் "லேக் எங்கேப்பா?" என்று கேட்டால், "அடுத்த மழைக்கு வரும்" என்பார். 2015 டிசம்பரில் வந்தது. மாடியில் நின்று பார்த்தோம். நூறு வருஷத்துக்குப் பிறகு தெரு தன் பெயருக்கு நியாயம் செய்தது. எங்கள் வீட்டுக் கீழ்தளத்தில் பிரிட்ஜ் மிதந்துகொண்டிருந்தது, அதனால் ரசிக்க முடியவில்லை.

எதிர்க்காற்று:

ரொம்ப உருகாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அடித்தாலும் பரவாயில்லை.

டிராமை நினைத்து உருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 1895-இல் வந்தது, 1953-இல் நின்றது. உருகுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதில் ஏறியதே கிடையாது. டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் என்று ஒரு கோஷ்டி. கார் வைத்திருந்தவன் காருக்குள் உட்கார்ந்தபடி ஜன்னலில் தட்டை மாட்டிக்கொண்டு தோசை தின்ற இடம். 1962-இல் இந்த ஊரில் எத்தனை பேரிடம் கார் இருந்தது? 2008-இல் மூடி, 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. இன்றைக்கு ஒரு குடும்பம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் செடி கொடி பார்க்கிறது. இதில் என்ன நஷ்டம்?

சென்ட்ரல் ஜெயிலைக்கூட 2009-இல் இடிப்பதற்கு முன்னால் ஜனம் வரிசையில் நின்று பார்த்தது, நானும் நின்றேன், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார்கள். உள்ளே இருந்தவன் யாராவது அதை நினைத்து ஏங்குவானா? அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி வளர்ந்தது. நல்லதுதானே?

ராயப்பேட்டை பழசு:

ஜெயிலை விட்டுத் தருகிறேன். டிராமையும் விட்டுத் தருகிறேன், நானும் ஏறியதில்லை, என் அக்காதான் ஏறியிருக்கிறாள், ஓடுகிற வண்டியில் ஏறி ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கலாம் என்பதைத் தவிர அவளும் வேறு ஒன்றும் சொன்னதில்லை.

டிரைவ்-இன்னை விட மாட்டேன். கார் வைத்திருந்தவர்கள் காரில் தின்றார்கள். நாங்கள் நடந்து போய் உள்ளே ஹாலில் உட்கார்ந்தோம். ஒரு காபி. ஒரு காபிக்கு மூன்று மணி நேரம். சான்ஸ் தேடுகிற உதவி இயக்குநர்கள், ரெப்புகள், ஷேர் மார்க்கெட் ஆட்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். சர்வர் வந்து "வேற என்ன சார்?" என்று கேட்க மாட்டார், அதுதான் அந்த இடத்தின் பெருமை. கல்லூரிக்குப் பிறகு எட்டு மாதம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகிற மாதிரி சட்டையை இன் பண்ணிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, நேராக அங்கேதான் வந்து உட்கார்ந்தேன். மரத்தடி நிழல், காகம், காபி. வேலையில்லாதவன் கௌரவமாக உட்கார இன்றைக்கு இந்த ஊரில் ஒரு இடம் சொல்லுங்கள். பூங்காவில் டிக்கெட் வாங்க வேண்டும்.

எதிர்க்காற்று:

சரி, அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தேதிப் பைத்தியம்:

பேர் மட்டும் நிற்பது நம் காலத்து வியாதி இல்லை என்று காட்ட ஒன்று சொல்கிறேன். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். 1842 வாக்கில் கட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் உறைந்த ஏரியிலிருந்து ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இந்தக் கட்டடத்தில் வைத்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், பிறகு அதற்கு விவேகானந்தர் இல்லம் என்றே பெயர் மாறியது. ஆனால் ஏரியா, பஸ் ஸ்டாப், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் ஐஸ் ஹவுஸ். உள்ளே ஐஸ் உருகி நூற்றைம்பது வருஷம் ஆகிறது!

புத்தகப் பூச்சி:

பெயர்கூட மிஞ்சாமல் போனதும் உண்டு. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பீப்பிள்ஸ் பார்க், அதில் மிருகக்காட்சிசாலை. 1980-களில் வண்டலூருக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தது. வடசென்னைக்காரர்கள் அதை "உயிர் காலேஜ்" என்பார்கள். எழும்பூர் மியூசியம் "செத்த காலேஜ்". காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முதலில் உயிர் காலேஜ், அப்புறம் செத்த காலேஜ், சாயங்காலம் பீச். இந்த இரண்டு பெயரும் என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருமுறை சொன்னேன், எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டார்கள்.

சாவடித் தக்காளி:

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டல் போய்விட்டது, ஸ்டாப் இருக்கிறது. எங்கள் வீட்டில் ரிசல்ட் வந்தால் ஐஸ்கிரீம் அங்கேதான். நான் ஒரே ஒரு முறைதான் சாப்பிட்டேன்.

டவுன் பஸ் பிரியன்:

ஒன்று கவனித்தீர்களா? இந்தப் பெயர்களைக் காப்பாற்றியது கல்வெட்டும் இல்லை, பாரம்பரியக் கமிட்டியும் இல்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வாயால் கத்திய கண்டக்டர்கள். மவுண்ட் ரோட்டுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் எல்.ஐ.சி., அடுத்து ஆயிரம் விளக்கு, அடுத்து டி.எம்.எஸ். ஜெமினியும் இல்லை, சபையரும் இல்லை. பதிவு செய்த குரல் எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கும். அடுத்த தலைமுறை மெட்ரோவிலேயே வளர்ந்தால் சபையர் என்ற சொல்லைக் காதால்கூடக் கேட்காது.

2001 மாடல்:

அண்ணா, இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ஒரு வேலை செய்தேன். எனக்கு வேலை வடபழனி மாலில். மால் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். வாஹினி ஸ்டூடியோ என்றாள். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று சொல்வார்களாம், தாத்தா அங்கே ஒரு படத்துக்குக் கூட்டத்தில் நின்றாராம், கோவில் திருவிழா சீன், இரண்டு நாள் சம்பளம், மத்தியானம் சாம்பார் சாதம். இதை இத்தனை வருஷம் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இன்றைக்குக் காலையில் ஸ்டாண்டில் வயதான ஆட்டோக்காரர் ஒருவரிடம் போனேன். தினமும் மால் பெயரைச் சொல்வேன், நூற்றிருபது கேட்பார்கள். இன்றைக்கு "வாஹினி வருமா?" என்றேன். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "வாஹினியா? ஏறு, நூறு குடு" என்றார்.

எதிர்க்காற்று:

எந்த ஸ்டாண்டு தம்பி அது?